எழுதிக் கொடுத்தது யார்?

1

அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டின் கட்டிட ஒப்பந்தம் கையில் கிடைத்தது. முத்திரைத்தாளில் இரண்டு பக்கம். மடிப்புகளில் கிழிந்திருந்தது. அதோடு குண்டூசியால் குத்தி வைத்திருந்த ஒரு சிறிய கணக்குச் சீட்டு. அது தெலுங்கில் இருந்தது.

பத்திரம் இப்படித் தொடங்குகிறது: '1980-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ம் தேதி அரக்கோணம் டவுனிலிருக்கும் ரயில்வே உத்தியோகம் இன்னார் அவர்களுக்கு, திருத்தணி தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் மேஸ்திரி இன்னார் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து எழுதிக்கொடுத்த கட்டிட வேலை ஒப்பந்தப் பத்திரம் என்னவென்றால்...'

650 சதுர அடி வீடு. கூலி மட்டும் பேசிய கான்ட்ராக்ட். மொத்தம் 6,500 ரூபாய். அட்வான்ஸ் 500, பேஸ்மட்டம் முடிந்ததும் 1,000, லிண்டல் மட்டத்தில் 1,500, தளம் போட்டதும் 1,500, பூச்சு வேலை முடிந்ததும் 1,000, எல்லாம் முடித்துச் சாவியை ஒப்படைக்கும்போது பாக்கி 1,000. செங்கல், மணல், ஜல்லி, கம்பி, சிமெண்டு வீட்டுக்காரர் பொறுப்பு. ஆள், சாரம், சென்ட்ரிங் பலகை மேஸ்திரி பொறுப்பு. 1981 ஜனவரி 31-க்குள் முடிக்க வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் கூலியில் பிடித்துக்கொள்ள மேஸ்திரி இதன் மூலம் சம்மதிக்கிறார்.

வீடு முடிந்தது மே 7-ம் தேதி. 96 நாள் தாமதம். 960 ரூபாய் போக மீதி 40 ரூபாய்.

அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு வயது. மேஸ்திரி திண்ணையில் உட்காராமல் கீழே நின்றுகொண்டிருந்தார். 'சிமெண்டு வந்தாதானே சார் பூச முடியும்? வெறும் தண்ணியிலயா பூசறது?' என்றார். அப்பா பத்திரத்தைப் பிரித்துக் காட்டினார். 'கையெழுத்துப் போட்டிருக்கே இல்ல? அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படி.' மேஸ்திரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தமிழில் எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தின் அடியில் அவர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டிருந்தார். நாற்பது ரூபாயை அவர் வாங்கிக்கொள்ளவில்லை, திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அப்பா அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்தக் கட்டுரை அப்பாவின் மீதான புகார் அல்ல. அவர் யாரையும் ஏமாற்றிப் பிழைத்தவர் இல்லை. பத்திரத்தில் இருந்ததைத்தான் செய்தார். அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்த இரண்டு பக்கம் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. ஊர் ஊராக, வீடு வீடாக எழுதப்பட்டு, வேலை முடிந்ததும் பரணில் போடப்பட்டு, கரையானுக்குப் போகும் இந்தக் காகிதத்தை வரலாற்று ஆவணமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கோயில் கட்டியவனின் கல்வெட்டைப் படிக்கிறோம், வீடு கட்டியவனின் பத்திரத்தைப் படிப்பதில்லை.

2

முதலில் இலக்கணம். தமிழில் பத்திர நடைக்கு இரண்டு வாய்பாடுகள் உண்டு. ஒன்று, 'இன்னாருக்கு இன்னார் எழுதிக் கொடுத்த'. கடன் பத்திரம், கிரயப் பத்திரம், விடுதலைப் பத்திரம் எல்லாம் இந்த வகை. ஒருவர் எழுதிக் கொடுக்கிறார், மற்றவர் வாங்கி வைத்துக்கொள்கிறார். இன்னொன்று, 'நாமிருவரும் சம்மதித்து எழுதிக்கொண்ட'. கூட்டு வியாபாரத்துக்கு, பங்காளிகளின் பாகப் பிரிவினைக்கு இந்த வாய்பாடு. இதில் இரண்டு பேரும் எழுதுகிறவர்கள், இரண்டு பேரும் கட்டுப்படுகிறவர்கள். கொடு, கொள் என்ற இரண்டு துணைவினைகளுக்கு நடுவில் ஒரு சமூக உறவே மாறிப்போகிறது.

எங்கள் வீட்டுப் பத்திரத்தின் தலைப்பில் 'ஒப்பந்தம்' என்று இருக்கிறது. வாக்கியமோ 'எழுதிக்கொடுத்த' என்று இருக்கிறது. அதாவது, தலைப்பு இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறது, வாக்கியம் ஒருவரைப் பற்றி. வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்தான், ஆனால் அவர் எதையும் 'எழுதிக் கொடுக்க'வில்லை. பத்திரத்தின் வினைமுற்றுகளை எண்ணிப் பார்த்தேன். 'கட்டித் தருகிறேன்', 'பூசித் தருகிறேன்', 'ஒப்படைக்கிறேன்', 'தவறினால் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று மேஸ்திரியின் தன்மை வினைகள் பதினொன்று. வீட்டுக்காரர் பேசும் தன்மை வினை ஒன்றுகூட இல்லை. சிமெண்டு 'வீட்டுக்காரர் பொறுப்பு' என்பது ஒரு பெயர்ச்சொல் தொடராக நின்றுவிடுகிறது. பொறுப்பு தவறினால் என்ன என்று கேட்க அந்த வாக்கியத்தில் வினையே கிடையாது.

இன்னொரு வேடிக்கை, அந்த பதினொரு 'நான்'களில் ஒன்றைக்கூட மேஸ்திரி பேசவில்லை. எழுதியவர் பத்திர எழுத்தர், சொல்லச் சொன்னவர் அப்பா. படிக்க முடியாத மொழியில் தன்னுடைய 'நான்' எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டு மேஸ்திரி எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் போனதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. திருத்தணிப் பகுதி 1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அங்கேயே போயிற்று. எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1-ல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. மேஸ்திரி படித்த மூன்றோ நான்கோ வகுப்பு அதற்கு முன்னால், தெலுங்கில். எல்லைக் கோடு நகர்ந்தபோது அவர் நகரவில்லை, அவருடைய எழுத்து மட்டும் அந்நிய எழுத்தாகிவிட்டது. வீட்டில் தெலுங்கு, வேலையிடத்தில் தமிழ் என்று இரண்டையும் பேசிக்கொண்டிருந்த மனிதர், முத்திரைத்தாளின் முன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆனார்.

3

இனி எழுதிக் கொடுத்தலின் பழைய கதை.

கல்கத்தாவில் இருந்த ஐரோப்பிய வணிகர்களின் சங்கமான கல்கத்தா டிரேட்ஸ் அசோசியேஷன், வேலையாட்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காமல் போய்விடுகிறார்கள் என்று அரசுக்கு மனுக் கொடுத்தது. அதன் விளைவாக வந்தது 1859-ம் ஆண்டின் 13-வது சட்டம், வேலையாட்கள் ஒப்பந்த மீறல் சட்டம். கைவினைஞர், வேலையாள், கூலியாள் என்ற மூன்று பேரையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று ராஜதானி நகரங்களுக்காக எழுதப்பட்டுப் பிறகு மற்ற இடங்களுக்கும் விரிக்கப்பட்டது.

அதன் இயக்கம் எளிமையானது. முன்பணம் வாங்கியவன் வேண்டுமென்றே வேலையைச் செய்யாவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதா, வேலையை முடிக்கச் சொல்வதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை புகார் கொடுத்தவருக்கு. உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். சரி, முதலாளி கூலியைக் கொடுக்காவிட்டால்? அதற்கு இந்தச் சட்டத்தில் சிறை இல்லை. அவன் சிவில் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஒப்பந்தத்தின் ஒரு முனையில் கடன், மறு முனையில் குற்றம்.

இரண்டே வருஷம் கழித்து, 1861-ல், ஹென்றி மெய்ன் 'பண்டைச் சட்டம்' என்ற தம் நூலை வெளியிட்டார். பிறப்பால் வரும் அந்தஸ்திலிருந்து சுதந்திரமான ஒப்பந்தத்தை நோக்கி நகர்வதே முன்னேறும் சமூகங்களின் வரலாறு என்பது அதில் அவருடைய புகழ்பெற்ற வாதம். அடுத்த வருஷமே அவர் வைஸ்ராய் கவுன்சிலின் சட்ட உறுப்பினராக இந்தியாவுக்கு வந்து 1869 வரை இருந்தார். அந்தஸ்திலிருந்து ஒப்பந்தத்துக்கு என்று எழுதியவர் ஆட்சி செய்த நாட்டில், ஒப்பந்தமே ஓர் அந்தஸ்தை உற்பத்தி செய்துகொண்டிருந்தது: முன்பணம் வாங்கியவன் என்கிற அந்தஸ்து. சந்தையில் சமமானவர்களாகக் கைகுலுக்கும் இருவர், பட்டறைக்குள் நுழையும்போது எப்படி முன்னே போகிறவனும் பின்னே தயங்கி வருகிறவனுமாக மாறுகிறார்கள் என்பதை மார்க்ஸ் 1867-ல் மூலதனத்தின் முதல் தொகுதியில் காட்டினார். நம் நாட்டில் பட்டறை வாசல் வரை போகவே வேண்டியிருக்கவில்லை. அட்வான்ஸ் கை மாறிய அந்தத் திண்ணையிலேயே ஒருவன் பின்னால் போய்விட்டான்.

இங்கிலாந்தில் இதே வகையான எஜமான் - வேலையாள் சட்டங்கள் 1875-ல் ஒழிக்கப்பட்டன. இங்கே அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு நீடித்து, 1925-ல் இயற்றப்பட்ட ரத்துச் சட்டத்தின் மூலம்தான் போயிற்று. சட்டம் போனது, முன்பணத்தின் அதிகாரம் போகவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பிறகும், எங்கள் பக்கத்து திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்து ஒடிசாத் தொழிலாளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்தன. அவர்களைப் பிடித்து வைத்திருந்தது சங்கிலி அல்ல, சீசன் தொடக்கத்தில் வாங்கிய அட்வான்ஸ். நாம் வீடு கட்டும் செங்கல்லுக்குள்ளேயே ஒரு எழுதாத ஒப்பந்தம் வெந்து கிடக்கிறது.

4

1872-ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. இதைப் படிக்கப்போய்த்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தச் சட்டத்தில் பிரிவுகளோடு உதாரணங்களும் சட்டத்தின் பகுதியாகவே கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தால்தான் மற்றவர் தன் வேலையைச் செய்ய முடியும் என்கிற ஒப்பந்தங்களைப் பற்றியது 54-வது பிரிவு. முதலில் செய்ய வேண்டியவர் தவறினால் மற்றவரைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை, நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவரும் அவரே. இதற்குச் சட்டம் தரும் உதாரணங்களில் ஒன்று கட்டிட வேலை. குறிப்பிட்ட தொகைக்கு ஒருவன் கட்டிட வேலை செய்ய ஒப்புக்கொள்கிறான், சாரமும் மரமும் வீட்டுக்காரன் தர வேண்டும், அவன் தர மறுக்கிறான், வேலை நடக்கவில்லை. அப்படியானால் கட்டுகிறவன் வேலையைச் செய்ய வேண்டியதில்லை, வீட்டுக்காரன்தான் அவனுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். 67-வது பிரிவின் உதாரணமும் வீடுதான். எங்கே பழுது பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரன் காட்டாவிட்டால், பழுது பார்க்காததற்கு வேலைக்காரன் பொறுப்பல்ல.

சாரம், மரம் என்று இருக்கும் இடத்தில் சிமெண்டு என்று போட்டுக்கொள்ளுங்கள். அது எங்கள் வீடு.

1980-81 சிமெண்டுப் பஞ்ச காலம் என்பதை அந்தத் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. பர்மிட் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்தால் பத்து மூட்டை, இருபது மூட்டை. இல்லாவிட்டால் கள்ள மார்க்கெட்டில் கூடுதல் விலைக்கு. 1982 பிப்ரவரி 28-ல்தான் கட்டுப்பாடு பகுதியளவு தளர்ந்தது, முழுமையாக நீங்கியது 1989 மார்ச்சில். தளம் போட்ட பிறகு எங்கள் வீடு இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேஸ்திரி வாரம் ஒரு முறை சைக்கிளில் வந்து, 'வந்துச்சா சார்?' என்று கேட்டுவிட்டுப் போவார். சித்தாள் பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் சாரக்கம்புகளைப் பிரிக்காமல் எங்கள் வீட்டிலேயே முடக்கி வைத்திருந்தார். அப்பாவும் அலையாமல் இல்லை. ஆனால் அந்த அலைச்சலின் 96 நாளும் கடைசியில் மேஸ்திரியின் கணக்கில் எழுதப்பட்டன.

ஆக, 1872-ன் சட்டம் மேஸ்திரியின் பக்கம் நின்றது. 74-வது பிரிவின்படி பார்த்தாலும், பத்திரத்தில் போட்ட அபராதத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவு என்பதைக் கோர்ட்தான் முடிவு செய்யும். சொந்தக் கோட்டர்ஸிலிருந்து சொந்த வீட்டுக்கு 96 நாள் தள்ளிப் போனதில் அப்பாவுக்கு என்ன நஷ்டம்? ஆனால் இதெல்லாம் இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தில் இருந்தது. திண்ணையில் இருந்தது தமிழ்ப் பத்திரம். சட்டம் பரஸ்பர வாக்குறுதியைப் பற்றிப் பேசியது, பத்திரம் எழுதிக் கொடுத்தலைப் பற்றிப் பேசியது. எங்கள் வீட்டுப் பத்திரம் 1872-ன் பிள்ளை அல்ல, 1859-ன் பிள்ளை என்று நான் வாசிக்கிறேன். ஒழிக்கப்பட்ட சட்டத்தின் குரல் பத்திர எழுத்தரின் வாய்பாட்டில் உயிரோடு இருக்கிறது. அதிகாரம் எப்போதும் சட்டப் புத்தகத்தில்தான் குடியிருக்கிறது என்று யார் சொன்னது? சில நேரம் அது ஒரு துணைவினையில் குடியிருக்கிறது.

5

அந்தத் தெலுங்குச் சீட்டுக்கு வருகிறேன். நகரியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் படித்துச் சொன்னார். லாஃப்ட் இரண்டு 120, பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டி 140, மாடிப்படிக் கைப்பிடிச் சுவர் 95, துளசி மாடம் 30. மொத்தம் 385. எல்லாம் பத்திரத்தில் இல்லாத வேலைகள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது 'அப்படியே இதையும் போட்டுடுப்பா' என்று அம்மாவும் அப்பாவும் சொன்னவை. பேச்சில் சொல்லப்பட்டுப் பேச்சில் ஏற்கப்பட்டவை. கணக்குத் தீர்க்கும்போது அப்பாவின் பதில், 'அதெல்லாம் எழுத்துல இல்லையே.'

அரசாங்க வேலையில் இந்தப் பதில் அவ்வளவு சுலபமல்ல. பொதுப்பணித் துறையும் ரயில்வேயும் கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தங்களில் டெபாசிட் உண்டு, பிடித்தம் உண்டு, தாமத அபராதம் உண்டு. கூடவே அளவுப் புத்தகமும் உண்டு. கூடுதல் வேலை செய்தால் என்ஜினியர் வந்து அளந்து, அந்தப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்துப் போட வேண்டும். 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று. அரக்கோணம் என்கிற ஊரே அதற்குப் பிறகு ஜங்ஷனைச் சுற்றிக் கட்டப்பட்டது எனலாம். கான்ட்ராக்ட் என்ற சொல்லும் டெண்டர் என்ற சொல்லும் அந்தத் தண்டவாளத்தில்தான் எங்கள் பேச்சுக்குள் வந்து இறங்கின. அப்பா தம் ஆபீஸில் டெண்டர் ஃபாரங்களைப் பார்த்துப் பழகியவர். அவற்றிலிருந்து பிடித்தத்தையும் அபராதத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார், அளவுப் புத்தகத்தை ஆபீஸிலேயே விட்டுவிட்டார்.

எழுத்தில் இல்லாத வேலைக்கு எழுத்தில் இல்லாத சட்டம் என்று ஒன்றும் கிடையாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் நியாயமாகச் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. வங்காள அரசுக்காக ஒரு கான்ட்ராக்டர், அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி கிடங்குகள் கட்டிக் கொடுத்தார். முறைப்படி ஒப்பந்தம் இல்லை என்று சொல்லி அரசு பணம் தர மறுத்தது. பி.கே. மண்டல் வழக்கு என்று அறியப்படும் அதில் உச்ச நீதிமன்றம் 1961-ல் இந்த 70-வது பிரிவின்படி பணம் கொடுக்கச் சொன்னது. கட்டிடத்தை வைத்துக்கொண்டு காகிதம் இல்லை என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். எங்கள் வீட்டு லாஃப்டில் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திரங்களை வைத்திருக்கிறோம். தொட்டித் தண்ணீரில் குளித்திருக்கிறோம்.

ஆனால் மண்டலுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. நம் மேஸ்திரிக்கு அரக்கோணம் முன்சீப் கோர்ட் வாசலே உச்ச நீதிமன்றத்தை விடத் தூரம். காலவரையறைச் சட்டம் செய்த வேலைக்கான கூலியைக் கேட்க மூன்று வருஷம் தருகிறது. 1984 மே மாதத்தோடு அவருடைய உரிமை காலாவதியாகிவிட்டது.

6

இதுவரை மேஸ்திரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பத்திரத்தின் இன்னொரு மௌனம் இதைவிடப் பெரியது.

அந்த வீட்டில் நான்கு கொத்தனார்கள், இரண்டு பெரியாள்கள், ஐந்தாறு சித்தாள்கள் வேலை செய்தார்கள். கலவை குழைத்ததும் பாண்டு சுமந்ததும் தளம் போட்ட அன்றைக்கு விடியலிலிருந்து இருட்டும் வரை ஜல்லி தூக்கியதும் காலனியிலிருந்து வந்த பெண்கள். பத்திரத்தில் இவர்கள் எல்லோரும் ஒரே சொல்: 'ஆள்'. சாரம், சென்ட்ரிங் பலகை இவற்றோடு சேர்த்து மேஸ்திரி கொண்டுவர வேண்டிய சாமான்களில் ஒன்று. மேஸ்திரி என்ற சொல்லே போர்த்துகீசிய மெஸ்த்ரே என்பதிலிருந்து வந்தது, எஜமான் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் எழுதிக் கொடுத்தவர் இவர்களிடம் எழுதி வாங்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை, சனிக்கிழமைக் கூலியே போதும். அந்த 1,345 ரூபாயில் எத்தனை பேருடைய சனிக்கிழமைகள் இருந்தன என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. மேஸ்திரியின் நியாயத்தைப் பேசும் என் கட்டுரையும் இந்த இடத்தில் அவருடைய பத்திரத்தைப் போலவே நடந்துகொள்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஓர் இடைக்காலக் கல்வெட்டு உண்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப் பெயருடைய அரசன் அப்பகுதிக் கம்மாளர்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறான். நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கடைசி உரிமையைக் கவனியுங்கள். கல்லும் மரமும் உலோகமும் கொண்டு பிறருக்கு எல்லாம் செய்து கொடுத்தவர்கள் தம் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச அரசன் ஆணை வேண்டியிருந்தது. மெய்ன் சொன்ன அந்தஸ்து இதுதான்.

அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாமா? எங்கள் வீட்டில் வாசக்கால் வைத்த அன்று மேஸ்திரிக்கு வேட்டி, துண்டு, தாம்பூலம் கொடுத்தார்கள். கிரகப்பிரவேசத்தன்று ஐயர் வந்து, பசு வந்து, பால் பொங்கிய பிறகு, அடுப்படியைக் கட்டிய பெண்கள் பின்கட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் வரை அவர்கள் நடமாடாத இடம் அந்த வீட்டில் இல்லை. எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத இந்த ஷரத்தை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

இந்த மௌனத்தைச் சட்டமும் காப்பாற்றியே வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் வந்தது. தொழிலாளர் போராட்டங்களின் பலனாக 1996-ல் மத்தியச் சட்டமும் வந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தையும், பத்து லட்சத்துக்கு மிகாமல் தன் குடியிருப்புக்குத் தானே வீடு கட்டிக்கொள்கிறவரையும் அந்த மத்தியச் சட்டம் விலக்கி வைத்தது. பின்னால் வந்த தொகுப்புச் சட்டத்தில் தொகைவரம்பு உயர்ந்ததே தவிர விலக்கு போகவில்லை. அப்பாவைப் போன்ற ஒரு வீட்டுக்காரர் முதலாளி அல்லர் என்பது அதன் தர்க்கம். சரிதான். ஆனால் இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுகிறவளுக்குக் கீழே இருப்பது முதலாளி வீட்டுத் தரையா, குமாஸ்தா வீட்டுத் தரையா என்பதில் வித்தியாசம் எதுவுமில்லை.

7

போன வருஷம் மாடியில் ஒரு அறை கட்ட வேண்டி வந்தது. புதிய மேஸ்திரி, இளைஞர், கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்த பத்திரத்தோடு வந்தார். முதல் வரி: 'சம்மதித்து எழுதிக் கொடுத்த'. அதே வரி. 'எழுதிக்கொண்ட' என்று மாற்றச் சொன்னேன். பொருள் வரத் தாமதமானால் நாள் கணக்கில் சேராது, முடங்கும் ஆட்களுக்குப் பாதிக் கூலி வீட்டுக்காரர் தர வேண்டும், கூடுதல் வேலைகளை ஒரு நோட்டில் எழுதி அன்றன்றைக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று மூன்று ஷரத்து சேர்த்தேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சந்தேகப்பட்டார். 'இவ்ளோ எழுதணுமா சார்? எங்க மேல நம்பிக்கை இல்லியா?' எழுத்து என்றாலே தன்னைக் கட்டிப்போடத்தான் என்பது அவருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சித்தாள்களின் பெயர்களையும் எழுதலாம் என்றேன். 'தினம் வேற வேற ஆளு வரும் சார், யாரு பேர எழுதறது?' என்றார். அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

பழைய மேஸ்திரி எப்போதோ இறந்துவிட்டார். மகன் திருத்தணிப் பக்கம் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காலாவதியான கடன் முழுக்கச் செத்துப்போவதில்லை என்பதையும் அதே ஒப்பந்தச் சட்டத்தில்தான் படித்தேன். 25-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு: காலவரையறை கடந்துபோன கடனைத் தருவதாகக் கடன்பட்டவர் எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால், அது செல்லும். வாய்ச்சொல் போதாது. எழுத வேண்டும், கடன்பட்டவரே எழுத வேண்டும். வக்கீல் நண்பர் சிரித்தார். 'கடன் உங்க அப்பாவோடது. நீ எழுதினா சட்டத்துக்கு முன்னால நிக்குமோ நிக்காதோ. உனக்கு எழுதணும்னு இருந்தா எழுது.'

960-ம் 385-ம் 1,345. நாற்பதையும் சேர்த்தால் 1,385. அந்த நாற்பதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. 1981-ல் அந்தப் பணத்துக்கு இருந்த பெறுமானம் இன்றைக்கு என்ன என்பதை மேஸ்திரியின் மகனோடு உட்கார்ந்துதான் பேச வேண்டும், நானே முடிவு செய்தால் அது மறுபடியும் அப்பாவின் கணக்காகிவிடும். முத்திரைத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் வரியை மட்டும் எழுதியிருக்கிறேன். திருத்தணி தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் மேஸ்திரி இன்னாரின் குமாரர் அவர்களுக்கு, அரக்கோணம் டவுனிலிருக்கும் வீட்டுக்காரர் இன்னாரின் குமாரன் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து எழுதிக்கொடுத்த பத்திரம் என்னவென்றால்.

அதைத் தெலுங்கிலும் எழுதித் தரச் சொல்லி நகரி நண்பரிடம் கேட்டிருக்கிறேன்.